ஊமத்தை: வேலியோரம் நிற்கும் விஷம்

நம் சமையலறைக்கு ரொம்ப நெருக்கமான ஒரு தாவரக் குடும்பம் இருக்கிறது. கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, அமுக்கரா என்று எங்கள் சித்த மருத்துவத்துக்கு வாரி வழங்கியதும் அதே குடும்பம்தான். ஆனால் பெரிய குடும்பம் என்றால் ஒரு முரட்டுப் பிள்ளையும் இருக்கத்தானே செய்யும்? புகையிலை ஒன்று. இன்னொன்று, இந்த இதழில் நாம் பார்க்கப் போகும் ஊமத்தை.

'ஊமத்தையைப் பற்றித் தெரியாதா டாக்டர்? ரோட்டோரம் நிற்குமே, சிவன் கோயிலுக்குப் பூ பறிச்சுட்டுப் போவோமே' என்பீர்கள். பார்த்திருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. விளையாடப் போன குழந்தை அதன் காயைத் தின்றுவிட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? கைபேசியில் வரும் 'ஆஸ்துமாவுக்குக் கைகண்ட மருந்து' என்ற செய்தியைப் படித்துவிட்டு அப்பாவுக்கு இலையைப் பறித்துக் கொடுக்கலாமா? இந்தக் கேள்விகளுக்குத்தான் இன்றைய பாடம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சித்த மருத்துவத்தில் ஊமத்தைக்கு இடம் உண்டு. ஆனால் அது வைத்தியரின் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் இடம். வீட்டு அஞ்சறைப் பெட்டியில் அதற்கு இடமே கிடையாது. ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

செடியை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

வறண்ட பூமியின் செடி இது. தரிசு நிலம், குப்பை மேடு, தண்டவாள ஓரம், பாழடைந்த கட்டடம், கட்டி முடிக்காத வீட்டு மனை என்று யாரும் தண்ணீர் ஊற்றாத இடமாகப் பார்த்து நிற்கும். மற்ற செடிகள் வாடித் தலை சாய்க்கும் கோடையிலும் இது பச்சையாக நிற்கும். ஆடு எதையும் விடாது என்பார்கள். ஆனால் அந்த ஆடே பெரும்பாலும் ஊமத்தையை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிப் போய்விடும். கசப்பும் நாற்றமும் அப்படி. மேய்ச்சலுக்குத் தப்பிவிடுவதால்தான் மற்றதெல்லாம் மொட்டையாகிப் போன தரிசிலும் ஊமத்தை மட்டும் செழிப்பாகத் தெரிகிறது.

இடுப்பு உயரம் வரை வளரும். இலை அகலமாக, ஓரம் வளைந்து நெளிந்து, கத்திரி இலையை ஞாபகப்படுத்தும். கசக்கினால் குமட்டுகிற வாசனை வரும். பூ நீளமான புனல் மாதிரி, நாதஸ்வரத்தின் வாய் மாதிரி விரிந்திருக்கும். சாயங்காலம் மலரும், இருட்டில் வரும் அந்துப்பூச்சிகளுக்காக மணம் வீசும். காய் உருண்டையாக, எலுமிச்சம்பழ அளவில், உடம்பெல்லாம் முள்ளோடு இருக்கும். முற்றியதும் வெடித்து விதைகளைக் கொட்டும். ஒரே காயில் நூற்றுக்கணக்கான விதைகள் இருக்கும்.

வெள்ளைப் பூப் பூப்பது வெள்ளூமத்தை. தண்டும் பூவும் கருநீலம் ஓடியிருப்பது கருவூமத்தை. 'கருப்புதான் விஷம், வெள்ளை பரவாயில்லை' என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. இரண்டுமே விஷம்தான். இலை, பூ, காய், விதை, வேர் எல்லாவற்றிலும் நஞ்சு உண்டு. விதையில் அது அதிகம்.

இன்னும் இரண்டு பெயர்களை நினைவில் வையுங்கள். மருளூமத்தை என்று ஒரு செடி உண்டு. துணியில் ஒட்டிக்கொள்ளும் கொக்கி முள் காய்கள் அதற்கு. பெயரில்தான் ஊமத்தை, உண்மையில் அது சூரியகாந்திக் குடும்பம். அதன் விதையும் நஞ்சுதான், ஆனால் வேறு வகை நஞ்சு. அடுத்தது ஊட்டி, கொடைக்கானல் பக்கம் அழகுக்காக வளர்க்கும் மரம் போன்ற செடி. மணி கட்டித் தொங்கவிட்ட மாதிரி பூக்கள் தலைகீழாகத் தொங்கும். அது ஊமத்தையின் நெருங்கிய உறவு; நஞ்சும் அதே நஞ்சுதான். சுற்றுலா போகும்போது அந்தப் பூவைப் பறித்துக் குழந்தை கையில் கொடுத்து விடாதீர்கள்.

பெயரிலேயே எச்சரிக்கை

'உன்மத்தம்' என்றால் பித்து. அதிலிருந்து வந்ததுதான் ஊமத்தை என்ற பெயர். மத்தம், மத்தன் என்றும் பழைய நூல்களில் வரும். பித்தன் என்று பெயர் பெற்ற சிவபெருமானுக்கு இந்தப் பூவைச் சூட்டியிருக்கிறார்கள். தின்றால் புத்தி பேதலிக்கும் என்பதை நம் முன்னோர்கள் பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பாட்டில் மேல் மண்டை ஓட்டுப் படம் போடுகிற மாதிரிதான் இதுவும்.

நாங்கள் படித்த குணபாடத்தில் ஊமத்தைக்குச் சுவை கைப்பு, தன்மை வெப்பம், பிரிவு கார்ப்பு. செய்கையில் துயரடக்கி, இசிவகற்றி என்று வரும். அதாவது வலியைக் குறைக்கும், தசைப்பிடிப்பை அகற்றும். கூடவே மூர்ச்சையுண்டாக்கி என்றும் வரும். இதே செடியை நஞ்சு நூலிலும் தனியாகப் படிக்க வேண்டும். மருந்து நூலிலும் நஞ்சு நூலிலும் ஒன்றாகப் பெயர் வாங்கிய செடி இது.

உள்ளே போனால் என்ன செய்கிறது?

ஊமத்தையில் ஹயோசயமின், ஹயோசின், அட்ரோபின் என்ற மூன்று முக்கியமான சத்துக்கள் இருக்கின்றன. இவை மூன்றும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்பவை.

நம் நரம்பு நுனிகளில் அசிடைல்கோலின் என்ற பொருள் சுரக்கிறது. எச்சில் ஊற வை, வியர்வை விடு, குடலை அசை, சிறுநீர்ப்பையைச் சுருக்கு, வெளிச்சம் பட்டால் கண்மணியைச் சுருக்கு, இதயத்தை நிதானமாக ஓட்டு என்று உறுப்புகளுக்குத் தகவல் கொண்டுபோகும் தபால்காரர் மாதிரி அது. உறுப்பில் இருக்கும் பூட்டில் அது சாவியாகப் பொருந்தினால்தான் வேலை நடக்கும். ஊமத்தைச் சத்து அந்தப் பூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு சாவியை நுழைய விடாது.

விளைவு? எல்லாம் தலைகீழாகிவிடும். வாய் உலரும். வியர்வை நிற்கும். குடல் அசையாது. சிறுநீர் அடைத்துக்கொள்ளும். கண்மணி அகலமாக விரியும். இதயம் படபடவென்று ஓடும். மூளையிலும் இதே கதவு அடைபடுவதால் புத்தி குழம்பும்.

இதில் வியர்வை நிற்பதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் உடம்பைக் குளிர்விப்பதே வியர்வைதான். அது நின்றால் சூடு உள்ளேயே தங்கிக் காய்ச்சல் ஏறும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில், அதுவும் சின்னக் குழந்தைக்கு, இந்தச் சூடே உயிருக்கு ஆபத்தாக முடியலாம்.

ஒரு வீட்டில் நடக்கக்கூடியது

உதாரணத்துக்கு ஒன்றைச் சொல்கிறேன். ஐந்து வயசுப் பையன். பக்கத்து மனையில் பிள்ளைகளோடு 'கடை' விளையாட்டு. முள்ளுக்காயை உடைத்து விதையைப் பருப்பு என்று வைத்து விற்கிறார்கள். வாங்கியவன் வாயில் போட்டுக்கொள்கிறான்.

அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அறிகுறி ஆரம்பிக்கும். 'அம்மா, தண்ணி' என்பான். குடித்த பிறகும் மறுபடி கேட்பான். விழுங்கச் சிரமப்படுவான். குரல் கரகரக்கும். முகம் சிவந்து, தோல் தொட்டால் சுடும். ஆனால் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசும். பக்கத்தில் இருக்கும் பொருள் மங்கலாகத் தெரியும். நடந்தால் தள்ளாடுவான். அப்புறம்தான் பயமுறுத்தும் கட்டம். தொடர்பில்லாமல் பேசுவான், சிரிப்பான், அலறுவான். இல்லாத பூச்சியைப் பிடிப்பது போலக் காற்றைப் பிடிப்பான். போர்வையின் நூலை இழுத்துக்கொண்டே இருப்பான். அம்மாவையே அடையாளம் தெரியாமல் தள்ளுவான்.

இதைப் பார்க்கும் பெரியவர்களுக்கு என்ன தோன்றும்? 'ஜுரம் மூளைக்கு ஏறிடுச்சு' என்பார் ஒருவர். 'உச்சி வெயில்ல காலி மனைக்குப் போனான்ல, காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்பார் இன்னொருவர். வேப்பிலையும் விபூதியும் வரும். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. பயத்தில் இருக்கிறவர்கள் தெரிந்த வழியில்தான் ஓடுவார்கள். ஆனால் அப்படிப் போகிற இரண்டு மணி நேரத்தில் நஞ்சு மேலும் மேலும் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும். அளவு அதிகமானால் வலிப்பு, நினைவிழப்பு, இதயத் துடிப்பில் குழப்பம், மூச்சுத் தடுமாற்றம் என்று போய் உயிரே போகலாம்.

எனவே இந்த நான்கையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: உலர்ந்த வாய், வியர்வையில்லாத சூடான தோல், விரிந்த கண்மணி, திடீர்ப் பிதற்றல். நல்லா விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்கு இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஊமத்தையைச் சந்தேகியுங்கள். பெரியவர்களுக்கும் இதே கணக்குதான்.

உடனே செய்ய வேண்டியவை

1. வாயில் மிச்சம் இருப்பதை விரலில் துணி சுற்றி வழித்து எடுங்கள். நினைவோடு இருந்தால் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

2. 108-க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தின்றது தெரிந்தாலே போதும், கிளம்பிவிடுங்கள்.

3. தின்ற காய், இலை, விதை எதுவாக இருந்தாலும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதில் விதை இருந்ததா என்று சொல்லுங்கள். டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

4. எத்தனை மணிக்குத் தின்றான், எவ்வளவு இருக்கும், வேறு பிள்ளைகளும் தின்றார்களா என்று விசாரியுங்கள். கூட விளையாடியவர்கள் திட்டுக்குப் பயந்து சொல்ல மாட்டார்கள். அதட்டாமல் கேளுங்கள்.

5. மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உடம்பு கொதித்தால் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போங்கள்.

செய்யவே கூடாதவை

உப்புக் கரைசல் கொடுப்பது, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பது, புளிக்கரைசல், மோர், எண்ணெய் ஊற்றுவது எல்லாம் வேண்டாம். விழுங்கவே முடியாமல் உலர்ந்து போன தொண்டையில், அதுவும் நினைவு தடுமாறும் நேரத்தில், எதை ஊற்றினாலும் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். 'உங்க சித்த நூல்லயே முறிவு சொல்லியிருக்கே' என்று கேட்கலாம். சொல்லியிருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் காலத்தில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் இல்லை, செயற்கைச் சுவாசமும் இல்லை. இன்று இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவது முன்னோர்க்கு மரியாதை ஆகாது.

மருத்துவமனையில் நஞ்சை உறிஞ்சும் கரித்தூள் கொடுப்பார்கள், வெறியை அடக்கும் ஊசி போடுவார்கள், சூட்டைக் குறைப்பார்கள், சிறுநீர் அடைத்திருந்தால் குழாய் வைப்பார்கள், தேவைப்பட்டால் சிலருக்கு முறிவு மருந்தும் உண்டு. இதயத்தைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார்கள். குடல் மெதுவாகிவிடுவதால் விதைகள் உள்ளேயே தங்கி நஞ்சைக் கசியவிட்டுக்கொண்டிருக்கும். அதனால் ஒன்றிரண்டு நாள் தங்க வேண்டி வரும். 'தெளிஞ்சுட்டான், கூட்டிட்டுப் போறோம்' என்று அவசரப்பட வேண்டாம். கண்மணி பழைய நிலைக்கு வர இன்னும் சில நாள் ஆகலாம். நேரத்துக்குப் போய்விட்டால் பெரும்பாலானவர்கள் முழுசாகக் குணமாகிவிடுகிறார்கள்.

தட்டில் கலந்து வரும் ஊமத்தை

தெரியாமல் தின்பது குழந்தைகள் மட்டும் இல்லை. வயலில் களையாக நிற்கும் ஊமத்தை அறுவடையோடு சேர்ந்து உணவுக்குள் வந்துவிடுவதும் உண்டு. 2019-ல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில், கரமோஜா என்ற வறண்ட பகுதியில், நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவைச் சாப்பிட்ட சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டார்கள். 5 பேர் இறந்தார்கள். மாவில் ஊமத்தை இனத்தின் நஞ்சு கலந்திருந்தது. 2022 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் பாக்கெட்டில் விற்ற கீரையோடு இந்த இனத்துச் செடி கலந்துபோய் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கண் மங்கி, பிதற்றிப் பாதிக்கப்பட்டார்கள்.

கொதிக்க வைத்தால் விஷம் போய்விடும் என்று நம்பாதீர்கள். சமைத்தாலும் காயவைத்தாலும் இந்த நஞ்சு அழிந்துவிடுவதில்லை. கீரை ஆயும்போது பழக்கமில்லாத இலை தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். தானியம், பருப்பு மொத்தமாக வாங்கினால் முறத்தில் புடைத்து எடுக்கிற பழைய பழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

மிளகாய் விதையும் ஊமத்தை விதையும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் இதுதான். மிளகாய் விதை சின்னது, மெல்லியது, வெளிர் மஞ்சள், மேல்தோல் வழவழப்பு, கார நெடி இருக்கும். ஊமத்தை விதை கொஞ்சம் பெரியது, தடிமன், பழுப்பு நிறம், மேலே சின்னச் சின்னக் குழிகள், ஓரம் இரட்டை விளிம்பு மாதிரி இருக்கும், நெடி இருக்காது. கண்ணால் பார்த்தும் முகர்ந்தும் மட்டும் கண்டுபிடியுங்கள். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

19-ஆம் நூற்றாண்டில் வழிப்போக்கர்களுக்கு உணவில் இதைக் கலந்து கொடுத்துக் கொள்ளையடிக்கும் கும்பல்கள் நம் நாட்டில் இருந்தன. 1856-ல் நார்மன் செவர்ஸ் எழுதிய மருத்துவச் சட்ட நூலில் இதைப் பற்றி விரிவாக வருகிறது. விழித்தெழுந்தவருக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்பதுதான் அவர்களுக்கு வசதி. இன்று பொருள் மாறியிருக்கலாம், தந்திரம் மாறவில்லை. பயணத்தில் முன்பின் தெரியாதவர் நீட்டும் தின்பண்டத்தை மறுத்துவிடுவதே நல்லது.

உலகுக்குக் கொடுத்த மருந்து

விஷம் விஷம் என்றே சொல்லிக்கொண்டு போனால் செடிக்கு நியாயம் செய்ததாகாது. 1804 அக்டோபர் 13-ந் தேதி ஜப்பானில் ஹனோகா செய்ஷூ என்ற மருத்துவர், ஊமத்தையை முக்கியமாகச் சேர்த்த கஷாயத்தைக் கொடுத்து மயக்கி, 60 வயதுப் பெண்மணி ஒருவருக்கு மார்பகப் புற்றுக் கட்டியை அறுவை செய்து எடுத்தார். மேல்நாட்டில் ஈதர் மயக்க மருந்து 1846-ல் புகழ்பெறுவதற்கு 42 வருஷம் முன்னால் இது நடந்தது. ஆனால் அந்த மருந்தின் அளவைக் கண்டுபிடிக்க நடந்த சோதனைகளில் அவர் மனைவி கண்பார்வையை இழந்தார் என்கிறது வரலாறு.

நம் சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. ஊமத்தை இனத்துச் செடியைப் புகைத்தால் இரைப்பு தணியும் என்ற பழக்கத்தைச் சென்னையில் கம்பெனி ஆட்சியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் அறிந்திருந்தார். 1802-ல் ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அதன்பின் 'ஆஸ்துமா சிகரெட்' என்றே மேல்நாட்டுக் கடைகளில் பல காலம் விற்றார்கள்.

இன்று ஆஸ்பத்திரிகளில் அட்ரோபின் ஊசி இல்லாத அவசரப் பிரிவு கிடையாது. பூச்சிமருந்து விஷம் ஏறியவர்களை அதுதான் காப்பாற்றுகிறது. வயிற்றுப் பிடிப்புக்குப் போடும் ஹயோசின் ஊசி, இரைப்புக்கு உள்ளிழுக்கும் ஐப்ராட்ரோப்பியம் எல்லாமே இந்தச் சத்துக்களின் வழிவந்தவைதான்.

அப்படியானால் வீட்டில் ஏன் கூடாது?

நியாயமான கேள்வி. பதில் ஒரே வார்த்தை: அளவு.

ஆஸ்பத்திரி ஊசியில் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும். இலையில் எழுதியிருக்குமா? ஒரே வேலியோரம் நிற்கும் இரண்டு செடிகளில் நஞ்சின் அளவு ஒன்றாக இருக்காது. இளம் இலைக்கும் முற்றிய இலைக்கும் வித்தியாசம். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் வித்தியாசம். போன மாசம் ஒன்றும் செய்யாத அளவு இந்த மாசம் ஆளைச் சாய்க்கும். இதில் மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகல். 'எங்க தாத்தா சாப்பிட்டாரு, ஒண்ணும் ஆகலை' என்பது தாத்தாவின் அதிர்ஷ்டம். அதைப் பேரனுக்கு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

எங்கள் முறையில் ஊமத்தையை அப்படியே எடுத்து உபயோகிப்பதும் இல்லை. சுத்தி என்று ஒரு வேலை இருக்கிறது. விதையைத் துணியில் முடிந்து, கொதிக்கும் பாலில் தொங்கவிட்டு எரித்து, அந்தப் பாலைக் கொட்டிவிட்டு, கழுவிக் காயவைத்து, அதன்பிறகே மருந்தில் சேர்ப்பார்கள். அதுவும் அளந்து, அனுபவமுள்ள வைத்தியர் நாடி பார்த்துக் கொடுப்பது. சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் விதிகளின் அட்டவணை இ(1), இந்திய மருத்துவ முறைகளில் வரும் நச்சுப் பொருட்களின் பட்டியல். ஊமத்தை அதில் இருக்கிறது. இப்படிப்பட்ட உள்மருந்தின் மேல், மருத்துவர் கண்காணிப்பில்தான் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும்.

வெளிப்பூச்சுக்கு மத்தன் தைலம் என்று ஒன்று உண்டு. ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் சேர்ந்தது. பச்சையாக இருக்கும். ஆறாத புண்களுக்கு நாங்கள் நம்பிக்கையோடு உபயோகிக்கிறோம். ஆனால் சர்க்கரை நோயாளியின் கால் புண்ணில் ரத்த ஓட்டம் எப்படி, ஆழம் எவ்வளவு, எலும்பைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்காமல் தைலத்தை மட்டும் வாங்கித் தடவிக்கொண்டிருந்தால் காலையே இழக்க நேரும்.

மூன்று வீட்டு வைத்தியங்கள்

*இலைப்புகை:* உலர்ந்த இலையைச் சுருட்டிப் புகைத்தால் இரைப்பு தற்காலிகமாகத் தணிவது உண்மைதான். கூடவே அளவு தெரியாத நஞ்சும், நுரையீரலை அரிக்கும் புகையும் உள்ளே போகிறது. அதே வேலையை நுண்ணளவில், புகையில்லாமல் செய்யும் இன்ஹேலர் இருக்கும்போது இது எதற்கு? வயசானவர்களுக்கு இது இன்னும் ஆபத்து. கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், இதயக் கோளாறு உள்ளவர்கள் ஊமத்தைப் பக்கமே போகக்கூடாது. பார்வை பறிபோகலாம், சிறுநீர் அடியோடு அடைத்துக்கொள்ளலாம்.

*நாய்க்கடி:* மூன்றிலும் மோசமானது இதுதான். நாய் கடித்தால் ஊமத்தை கொடுக்கும் பழக்கம் சில ஊர்களில் இன்னும் இருக்கிறது. கொடுத்த பிறகு பிதற்றினால் 'விஷம் வெளியே போகுது' என்று நம்புகிறவர்களும் உண்டு. அந்தப் பிதற்றல் ஊமத்தையால் வந்தது. 'ஆனா பல பேருக்குக் குணமாகியிருக்கே?' என்றால், கடித்த நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறிநோய் இல்லை. மருந்தே கொடுக்காவிட்டாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள். உண்மையிலேயே வெறிநாய் என்றால்? நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. பாஸ்டர் 1885-ல் தடுப்பூசி போட்டுக் காட்டினார். நம் குன்னூரில் பாஸ்டர் நிலையம் 1907-லிருந்து இயங்குகிறது. எனவே நாய் கடித்தால், லேசான கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியை ஆரம்பித்து, சொன்ன தேதிகளில் எல்லாத் தவணையும் போட்டு முடியுங்கள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன், இதற்கு மாற்று வழி கிடையாது.

*இலை ஒத்தடம்:* மூட்டு வீக்கத்துக்கு இலையில் எண்ணெய் தடவி வாட்டிக் கட்டுவது பல வீடுகளில் உண்டு. தோல் வழியாகவும் இந்த நஞ்சு உள்ளே போகும். புண், கொப்புளம், சிராய்ப்பு உள்ள இடத்தில் கட்டவே கூடாது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது. பால் கட்டிக்கொண்டது என்று தாய்மார்கள் மார்பில் கட்டுவதும் கூடாது. குழந்தையின் வாய்க்குப் போய்விடும். வாட்டிக் கட்டத்தான் வேண்டும் என்றால் நொச்சி இலை இருக்கிறது, ஆமணக்கு இலை இருக்கிறது. ஊமத்தை இலையைத் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்தால்கூட அந்தக் கண்மணி விரிந்து ஒரு நாள் முழுக்க மங்கலாகத் தெரியும்.

வயசுப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு

'சாமி செடிதானே, சும்மா ட்ரை பண்ணிப் பார்க்கலாம்' என்று போதைக்காக இதைத் தொடும் இளைஞர்களும் இருக்கிறார்கள். பிள்ளைகளிடம் மறைக்காமல் பேசுங்கள். இதில் சுகம் என்று எதுவுமில்லை. பயமும் பிதற்றலும்தான். கூட இருப்பவன் யாரென்று தெரியாமல் மாடியிலிருந்து இறங்குவதாக நினைத்துக் குதிப்பதும், ரோட்டில் ஓடுவதும் இந்த மயக்கத்தில் நடக்கக்கூடியவை. இந்த வாரமே ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேச்சில் கொண்டு வாருங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உங்கள் தெருவையும் பக்கத்துக் காலி மனையையும் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஊமத்தை நின்றால் தொடாமல் காட்டுங்கள். 'இந்த முள்ளுக்காயைத் தொடக்கூடாது, யாராவது தின்னா ஓடி வந்து சொல்லணும், அம்மா திட்ட மாட்டேன்' என்று சொல்லிக் கொடுங்கள். அந்தக் கடைசி வார்த்தை ரொம்ப முக்கியம். பிள்ளைகள் விளையாடும் இடத்தில் நின்றால் கையுறை போட்டுக்கொண்டு, காய் வெடிப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிப் போட்டுவிடுங்கள். விதை மண்ணில் பல வருஷம் காத்திருந்து முளைக்கும் என்பதால் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு முறை பாருங்கள். கோயிலுக்கு எடுத்துப் போகும் பூவைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சாத்திவிட்டு வந்ததும் கையைக் கழுவுங்கள்.

ஆள் நடமாட்டமில்லாத தரிசில் நிற்கும் ஊமத்தையை அதன் போக்கில் விட்டுவிடலாம். அது நிற்க வேண்டிய இடம் அதுதான்.